சாமியின் கால் அளவு

அன்றைக்கு ஸ்கூல் கிரவுண்டில் இருந்தவர்கள் இவர்கள். அண்ணன். நான். அப்பா, மார்க்கெட் கமிட்டியில் வேர்க்கடலை மூட்டை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார், தலையெல்லாம் தூசி. பி.டி. சார். குருசாமி; கீழ்பென்னாத்தூர் டவுன் பஸ் டிரைவர். ரெஃப்ரி, வேலூர்க்காரர். ஆரணிப் பையன்கள் பதினொரு பேர். அவர்களுடைய சார். மெட்ராஸ் காலேஜிலிருந்து வந்த தொப்பிக்காரர். அவருக்கு மட்டும் நாற்காலி. சுற்றி ஊர் ஜனம். அம்மா இல்லை. அம்மாவுக்கு அன்றைக்கும் வேலை இருந்தது.

அண்ணன் அப்போது பிளஸ் டூ. நான் எட்டாவது.

அண்ணன் பந்து ஆடுவான். எல்லாப் பையன்களும்தான் ஆடுவார்கள். ஆனால் அண்ணன் ஆடினால் டீக்கடையில் கிளாஸைக் கழுவாமல் வைத்துவிட்டு வந்து பார்ப்பார்கள். வெறுங்காலில்தான் ஆடினான். ஸ்கூலில் எல்லோரும் அப்படித்தான். அவன் பாதம் மாட்டுக் குளம்பு மாதிரி இருக்கும். முள் குத்தினால் முள்தான் உடையும்.

மாவட்டம் வேலூரிலிருந்து பிரிந்த புதுசு அது. அதற்கு முன்னால் ஜில்லா மேட்ச் என்றால் வேலூர் போக வேண்டும். எங்கள் ஸ்கூல் போகும், முதல் மேட்சில் தோற்கும், சாயங்கால பஸ்ஸில் திரும்பி வரும். இப்போது ஜில்லா இங்கேயே வந்துவிட்டது. ஃபைனல் வரைக்கும் போகலாம் என்று எல்லோருக்கும் ஆசை வந்தது.

அண்ணனுக்கு ஆசை வேறு. ஃபைனலைப் பார்க்க மெட்ராஸ் காலேஜ் ஒன்றிலிருந்து ஆள் வருவார் என்று பி.டி. சார் சொல்லியிருந்தார். பிடித்த பையனை எடுத்துக்கொள்வார்கள். படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. எடுக்கவில்லை என்றால் அண்ணன் பரீட்சை முடிந்ததும் கமிட்டிக்கு மூட்டை தூக்கப் போக வேண்டும். அப்பா மேஸ்திரியிடம் சொல்லி வைத்துவிட்டார். இந்த இரண்டில் ஒன்று. மூன்றாவது கிடையாது.

ஒரு திங்கட்கிழமை பிரேயரில் பி.டி. சார் சொன்னார்.

"ஜில்லா மேட்சுக்கு எல்லாரும் பூட்ஸ் போட்டுத்தான் ஆடணும். ரூலு. இல்லாதவங்க வீட்ல சொல்லி வாங்கிக்குங்க."

அண்ணன் வீட்டுக்கு வந்தான். அப்பா வாசலில் உட்கார்ந்து தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மூட்டை உட்காரும் இடத்தில் தோல் கறுத்துத் தடித்திருக்கும். அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனான்.

வியாழக்கிழமை கார்த்திகை ஒன்று. விடிகாலையில் குளித்துவிட்டு எங்கேயோ போனவன், கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மாலையுமாகத் திரும்பி வந்தான். குருசாமி கையால் போட்டுக்கொண்டானாம். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சபரிமலைக்குப் போனதில்லை. அம்மா அப்படியே காலில் விழுந்தாள்.

அதிலிருந்து வீடு தலைகீழாக மாறியது. மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெற்றவர்களும் சாமி என்றுதான் சொல்ல வேண்டும். அவரும் எல்லோரையும் சாமி என்பார். சாமிக்குக் கோபம் கூடாது. காலில் செருப்பு கூடாது.

"சாமி, இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுங்களா?" என்பாள் அம்மா.

"போதும் சாமி."

அப்பாவுக்குத்தான் கஷ்டம். முந்தின நாள் வரை அவனைத் தடிமாடு என்று கூப்பிட்டவர். "தடி..." என்று ஆரம்பிப்பார். நாக்கைக் கடித்துக்கொள்வார். "சாமி, கொஞ்சம் கால மடக்கிக்குங்க. நான் அந்தாண்ட போவணும்."

நான் ஒருநாள் அவன் பனியனைப் போட்டுக்கொண்டு போய்க் கிழித்துக்கொண்டு வந்தேன்.

"சாமி, என் பனியன் எங்க சாமி?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"தெரியாது சாமி."

அவ்வளவுதான். அடிக்க முடியாது. என் வாழ்க்கையில் நான் அடியே வாங்காத மாதம் அது.

பி.டி. சாரும் சாமி பக்தி உள்ளவர். அண்ணன் கறுப்பு வேட்டியில் போய் நின்றதும் எழுந்து நின்றுவிட்டார். "அடடா, அப்ப பூட்ஸ் போட முடியாதே. சரி சாமி, நீங்க ஆடுங்க. நான் பேசிக்கறேன்" என்றார். பேசினார். முதல் இரண்டு மேட்சுக்கும் ரெஃப்ரிகள் உள்ளூர்க்காரர்கள். தலையாட்டிவிட்டார்கள். மாலையைப் பனியனுக்குள் விட்டுக்கொண்டு அண்ணன் வெறுங்காலில் ஆடினான். இரண்டிலும் ஜெயித்தோம்.

ஃபைனலைக் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் நடத்தியாக வேண்டும். தீபம் வந்தால் எங்கள் கிரவுண்டு தற்காலிக பஸ் ஸ்டாண்டு ஆகிவிடும். அதனால் அவசரமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். வேலூரிலிருந்து ரெஃப்ரி. பி.டி. சார் அண்ணனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"வெளியூர் ஆளு சாமி. ஒத்துக்குவாரோ மாட்டாரோ தெரியல."

அண்ணன் முகம் செத்துப் போனது. அதைப் பார்த்தேன். பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அம்மா செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர்கள் தங்கும் வீடு ஒன்றில் அறை கூட்டித் துணி துவைத்தாள். அங்கே ஒரு குள்ளமான வெள்ளைக்காரர் இருந்தார். காலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் தெருப் பையன்களோடு பந்து ஆடுவார். அவருடைய பூட்ஸ் ஜன்னல் கம்பியில் தொங்கும். அடியில் குமிழ் குமிழாக இருக்கும். அதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன்.

முதலில் அளவு வேண்டும். அண்ணனைக் கேட்கக் கூடாது, கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்து அசத்த வேண்டும் என்று எனக்கு எண்ணம். விடிகாலையில் அவன் குளித்துவிட்டு சிமெண்டுத் தரையில் நடந்து சாமி படத்துக்குப் போவான். ஈரக்கால் தடம் விழும். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, வலது கால் தடத்தின் மேல் வைத்து, குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் அளந்து ஒடித்தேன். தடம் காய்வதற்குள் செய்ய வேண்டும். மூன்று நாள் செய்து பார்த்தேன். மூன்று குச்சியும் ஒன்றாக வந்தன.

குச்சியை எடுத்துக்கொண்டு போய் அந்த பூட்ஸுக்குள் விட்டேன். சரியாக உட்கார்ந்தது. அதன் நாக்கில் நம்பர் போட்டிருந்தது. அதையும் பார்த்துக்கொண்டேன்.

"கேக்காதடா. பாவம், ஊர் விட்டு ஊர் வந்தவரு" என்றாள் அம்மா.

கேட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் நாலு வார்த்தை. பிரதர், ஃபுட்பால், நோ பூட்ஸ். அவர் என்னவோ கேட்டார். அப்பா ஏன் வாங்கித் தரவில்லை என்று கேட்பதாக நினைத்து, "ஃபாதர் நோ" என்று தோளில் மூட்டை தூக்குவது போலக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு நாளில் அவர் ஊருக்குப் போகிறாராம். பூட்ஸைக் கொடுத்தார். கூடவே தடிமனான கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடியும் கொடுத்தார்.

சாமிக்குச் செருப்பு கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் சாக்ஸைப் பார்த்ததும் எனக்கு வழி பிறந்துவிட்டது. சாக்ஸ் போட்டுக்கொண்டால் கால் பூட்ஸில் படாது. கால் படாத பூட்ஸால் என்ன தோஷம்? பதின்மூன்று வயதில் இது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு.

ஞாயிற்றுக்கிழமை செங்கம் ரோட்டிலிருந்து ஓடினேன். பூட்ஸ் லேஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அது இரண்டு பக்கமும் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

நான் போனபோது எல்லோரும் கோட்டுக்குள் நின்றார்கள். அண்ணன் மட்டும் கோட்டுக்கு வெளியே.

"பூட்ஸ் இல்லாம உள்ள விட முடியாதுங்க" என்றார் ரெஃப்ரி. "யாராவது கால்ல ஏறி மிதிச்சா நான் பதில் சொல்லணும்."

"மாலை போட்டிருக்காரு சார்" என்றார் பி.டி. சார்.

"மாலை போட்டவரு கோயிலுக்குப் போவட்டும். இது கிரவுண்டு."

தொப்பிக்காரர் வாட்சைப் பார்த்தார். அப்பா தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அழுகை வந்துவிட்டது.

"பூட்ஸ் இருக்கு சார்!" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். பி.டி. சார் ஓடி வந்தார். "ஏதுடா?"

கூட்டம் முழுவதற்கும் கேட்க வேண்டும் என்று உரக்கச் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமை.

"எங்கப்பாவால வாங்க முடியாதுன்னு சொல்லி வெள்ளைக்காரர்கிட்ட கேட்டு வாங்கியாந்தேன் சார். அளவெடுத்துப் பாத்து வாங்கியாந்தேன்."

யாரோ சிரித்தார்கள். துண்டை உதறிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். சாமிக்குக் கோபம் கூடாது. அதனால் அது கோபம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"மாலை போட்டிருக்கேன். பூட்ஸ் போட மாட்டேன்" என்றான்.

"சாக்ஸ் இருக்கு சாமி. சாக்ஸ் போட்டுக்கிட்டா கால் பூட்ஸ்ல படாது."

இப்போது கூட்டம் முழுவதும் சிரித்தது. ஆரணிப் பையன்கள் கூடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் குருசாமி மட்டும் சேரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் கையிலிருந்த சாக்ஸை வாங்கி, கையை உள்ளே விட்டுப் பார்த்தார். பஸ்ஸில் கண்டக்டர் செல்லாத நோட்டைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இன்னா? துணிதானே?"

"கம்பளி சாமி."

"தோலு இல்லையே? அடியில ரப்பர் இல்லையே?"

"இல்ல சாமி."

குருசாமி ரெஃப்ரி பக்கம் திரும்பினார். "ஐயா, உங்களுக்குக் கால் மூடியிருக்கணும். எங்களுக்குச் செருப்பு கூடாது. இது மூடினாப்பலயும் ஆச்சு, செருப்பும் இல்ல. இன்னா சொல்றீங்க?"

ரெஃப்ரி மூக்கைச் சொறிந்தார். ஆரணி கேப்டனைக் கூப்பிட்டார். "உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம் சார். எங்கப்பாவும் மாலை போட்டிருக்காரு. வேணாம்னு சொன்னேன்னு தெரிஞ்சா வீட்ல சோறு கிடைக்காது."

"அடி பட்டா என்னைக் கேக்கக் கூடாது. அவங்கப்பா எழுதிக் குடுக்கணும்."

பி.டி. சார் ஒரு நோட்டுத் தாளில் எழுதினார். அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

குருசாமி தன் தோளில் கிடந்த கறுப்புத் துண்டை நாலாகக் கிழித்தார். மண்ணில் உட்கார்ந்து, சாக்ஸ் நழுவாமல் அண்ணனின் கால்களைக் கட்டிவிட்டார். பூட்ஸ் என் கழுத்திலேயே தொங்கியது.

மேட்ச் ஆரம்பித்தது. முதல் பாதியில் ஆரணிப் பையன்கள் ஆடியது மேட்சே இல்லை. அண்ணன் பந்தோடு வந்தால் வழிவிட்டார்கள். பின்னால் நின்று தடுத்து ஆடும் அவர்களுடைய பேக் ஒருவன், நல்ல தடியன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணன் பக்கத்திலேயே ஓடினான். இடித்துவிடுவோமோ என்று பயம். அண்ணன் இரண்டு கோல் போட்டான். ஒவ்வொரு கோலுக்கும் ஜனம் சரணம் விளித்தது.

இடைவேளையில் ஆரணி சார் தன் பையன்களைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கம் வரை கேட்டது.

"டேய், சாமி கும்புட வந்தீங்களா, மேட்ச் ஆட வந்தீங்களா? அவன் சாமி இல்லடா, பத்தாம் நம்பர்! பந்தப் புடுங்குங்கடா!"

"கால்ல பட்டா பாவம் சார்."

"பாவத்த நான் ஏத்துக்கறேன். நீ போ."

இரண்டாம் பாதியில் புடுங்கினார்கள். அந்தத் தடியன் முதல் முறை அண்ணன் காலில் மிதித்தான். உடனே குனிந்து காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"தெரியாம பட்டுடுச்சு சாமி."

"பரவால்ல சாமி."

மறுபடி மிதித்தான். மறுபடி ஒற்றிக்கொண்டான். மூன்றாம் முறை ஒற்றிக்கொண்ட கையில் ரத்தம். சாம்பல் நிறச் சாக்ஸ் நுனியில் கறுப்பாக ஊறியது. அண்ணன் நொண்ட ஆரம்பித்தான். ஆரணிக்காரர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டார்கள்.

கடைசி நிமிஷம். பந்து அண்ணனிடம் வந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டுகூட அடிக்கும் தூரம். வலது காலால் அடித்தான். பந்து உருண்டு போய் கோல்கீப்பர் கையில் உட்கார்ந்தது. கோழிக்குஞ்சைத் தூக்குவது போல அவன் அதைத் தூக்கிக்கொண்டான்.

தோற்றோம்.

அண்ணன் கோட்டருகே உட்கார்ந்து கட்டை அவிழ்த்தான். கட்டைவிரல் நகம் சாக்ஸோடு வந்துவிட்டது. அப்பா பக்கத்தில் நின்றார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். தொப்பிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"பூட்ஸ் போட்டு ஆடியிருக்கியா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"மாலை சார்."

"மாலை கார்த்திகையிலதானே போட்டே? அதுக்கு முன்னாடி?"

அண்ணன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா ஓர் அடி முன்னால் வந்தார்.

"நான் வாங்கித் தரல சார். என்னால முடியல. கேட்டா எனக்குக் கஷ்டமா இருக்கும்னு அவன் என்னைக் கேக்கவும் இல்ல."

தொப்பிக்காரர் அப்பாவைப் பார்த்தார். அவர் தோளையும் பார்த்தார். பையிலிருந்து டைரி எடுத்து அண்ணன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"பரீட்சை முடிச்சிட்டு வா. பூட்ஸ் அங்க குடுப்பாங்க. அதுவரைக்கும் கால ஆற வை."

எனக்கு அன்று ஒன்று விளங்கவில்லை. நான் சொன்னதும் அதே விஷயம்தான். நான் சொன்னபோது அப்பா தலை குனிந்தார். அவரே சொன்னபோது நிமிர்ந்து நின்று சொன்னார். சொல்லிவிட்டுக் குனிந்து, அண்ணனின் கையைத் தன் தோளில் போட்டு, அவனைத் தூக்கி நிறுத்தினார். "வாங்க சாமி, போலாம்" என்றார். நான் பின்னால் நடந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணன் மலைக்குப் போய் வந்தான். மாலையைக் கழற்றினான். பூட்ஸை மட்டும் தொடவில்லை. அது பரணில் கிடந்தது. அவன் காலேஜுக்குப் போன பிறகு, பழைய சாமான்காரரிடம் போட்டு அம்மா ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினாள். குடம் வெகுநாள் உழைத்தது.

அண்ணன் காலேஜில் ஆடினான். ஆட்டத்தை வைத்து பேங்கில் வேலை கொடுத்தார்கள். அதை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஆரம்பித்தான். முதலில் ஒரு ஷெட். இப்போது ஆட்களை ஏற்றிவர அவனே பஸ் விடுகிறான். ஷூ கம்பெனிகளுக்கும் பெட்டி போகிறது என்றான். கார்த்திகை பிறந்தால் இன்றைக்கும் மாலை போடுகிறான். கம்பெனியில் அந்த மாதம் முழுவதும் முதலாளியைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

நான் ஒன்பதாவதோடு நின்றேன். செங்கம் ரோட்டில் பஞ்சர் கடை. நன்றாக ஓடுகிறது.

சில வருஷம் முன்பு ஸ்கூல் விழாவுக்கு அவனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். அப்பா அப்போது இல்லை. இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மேடையில் பேசினான். "மாலை போட்டிருந்ததனால ஃபைனலை வெறும் சாக்ஸோட ஆடினேன்" என்றான். பையன்கள் கை தட்டினார்கள். அப்பாவைப் பற்றியோ பூட்ஸைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

விழா முடிந்து கடைக்கு வந்தான். டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு பழைய டயர் மேல் உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றினான். வலது கட்டைவிரலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். அந்த நகம் அப்புறம் சரியாக முளைக்கவே இல்லை.

"மேடையில சொன்னதக் கேட்டியா?"

"கேட்டேன்."

"அப்பாகிட்ட பூட்ஸ் கேக்கக் கூடாதுன்னுதான்டா மாலையே போட்டேன். மாலை போட்டுட்டா யாரும் அவரக் கேள்வி கேக்க மாட்டாங்க."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"என் பையன் என்கிட்ட சைக்கிள் கேட்டப்ப."

தலையாட்டினான். ரோட்டில் ஒரு பஸ் போயிற்று.

"டேய்" என்றான். "அந்த பூட்ஸு என்ன சைஸு?"

அவன் அதைத் தொடாமல் இருந்ததைத்தான் நான் பார்த்திருந்தேன். பரணில் கிடந்த அத்தனை மாதமும் போட்டுப் பார்க்க அவனுக்கு ஆசை இருந்திருக்கும் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. கழற்றி வைத்திருந்த ஷூவைக் கையில் எடுத்தேன். உள்ளே நம்பர் பார்த்தேன். அதே நம்பர்தான். சொன்னேன்.

எட்டு.